வேதத்தை வைத்து நம்மை நாமே சோதித்துப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் வந்தால் பிரசங்கத்தில் "உங்களை நீங்களே ஆராய்ந்து பாருங்கள்" என்று கட்டாயம் ஒரு முறையாவது சொல்வார்கள். எப்படி ஆராய்வது என்று விளக்குவதுதான் குறைவு. வேதபாட வகுப்பு முடிந்தபின்பும், ஆராதனை விட்டு வாசலில் செருப்பு மாட்டும்போதும் மக்கள் கேட்கிற கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி.

நான் தினமும் வேதம் வாசிக்கிறேன். அதுவே போதாதா?

வாசிப்பு இல்லாமல் சோதனை இல்லை. ஆனாலும் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஒரே வருஷத்தில் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை முடிக்கிறவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று நாலு அதிகாரம் என்று ஓடும்போது, வசனம் நம்மை நிறுத்திக் கேள்வி கேட்க நேரமே கிடைப்பதில்லை. சோதித்துப் பார்க்க உட்காரும்போது பகுதி சின்னதாக இருக்கட்டும், பத்துப் பதினைந்து வசனம். கேள்வியும் ஒன்றே ஒன்று: நேற்று நான் நடந்துகொண்டதைப் பற்றி இது என்ன சொல்கிறது?

யாக்கோபு குறை சொல்வது வேதத்தைத் திறக்காத ஆளை அல்ல. கண்ணாடியில் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "அவ்விடம் விட்டுப்போனவுடனே, தன் சாயல் இன்னதென்பதை மறந்துவிடுவான்" என்கிறாரே (யாக்கோபு 1:24), அந்த ஆள் தினமும் பார்க்கிறவனாகக்கூட இருக்கலாம்.

எந்தப் பகுதியில் ஆரம்பிப்பது?

கதைகளில் ஆரம்பியுங்கள், பட்டியல்களில் வேண்டாம் என்பது என் கருத்து. பட்டியலைக் கண்டால் நமக்குக் கை பரபரக்கும். இது நான் செய்யவில்லை, அதுவும் இல்லை என்று டிக் போட்டுக்கொண்டே இறங்கிவிடுவோம். கதையில் அப்படித் தப்பிக்க முடியாது. 2 சாமுவேல் 11, 12 அதிகாரங்கள், லூக்கா 18-இல் வருகிற பரிசேயனும் ஆயக்காரனும் (வரி வசூலிக்கிறவன்), லூக்கா 19-இல் ஆயக்காரர் தலைவன் சகேயு, லூக்கா 15-இல் மூத்த மகன் (இளையவனைப் பற்றி எல்லாரும் பிரசங்கித்தாயிற்று), இவை நல்ல தொடக்கம். பிறகு மத்தேயு 5 முதல் 7 வரை மெதுவாக. பணமும் நாக்கும் உங்கள் பிரச்சினை என்றால் யாக்கோபு நிருபம்.

பட்டியல்தான் வேண்டும் என்றால் கலாத்தியர் 5:19-21. அதில் விபசாரம், விக்கிரகாராதனை என்று பெரிய பாவங்களுக்கு நடுவே பவுல் எவற்றை உட்கார வைத்திருக்கிறார் பாருங்கள்: பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், பொறாமைகள். சபைக் கமிட்டித் தேர்தல் நடக்கிற வாரத்தில் வாசிக்க இதைவிடப் பொருத்தமான பகுதி கிடையாது.

நான் கொலை செய்யவில்லை, திருடவில்லை. பத்துக் கட்டளைகளை வைத்து என்னத்தைச் சோதிப்பது?

மார்ட்டின் லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் (கேள்வி பதிலாக விசுவாசத்தைக் கற்பிக்கும் நூல்) இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் அவர் இரண்டு பக்கம் வைக்கிறார். கொலை செய்யாதே என்றால் அயலானுடைய உடம்புக்குத் தீங்கு செய்யாதே என்பது ஒரு பக்கம். அவன் கஷ்டத்தில் இருக்கும்போது உதவு என்பது இன்னொரு பக்கம். பொய்ச்சாட்சி சொல்லாதே என்றால், புறம் பேசாமல் இருப்பதோடு முடியவில்லை. அவனுக்காகப் பரிந்து பேசு, அவன் செய்ததை நல்லவிதமாகவே எடுத்துக்கொள் என்கிறார். இரண்டாவது பக்கத்தைத் திருப்பியவுடன் நம் மதிப்பெண் மளமளவென்று இறங்கிவிடும்.

அதே நூலில் பாவ அறிக்கைக்கு முன் என்ன யோசிப்பது என்றும் சொல்கிறார். உன் நிலையைக் கட்டளைகளோடு வைத்துப் பார்: நீ தகப்பனா, தாயா, மகனா, மகளா, எஜமானா, வேலைக்காரனா? அந்த இடத்தில் நீ உண்மையாக இருந்தாயா, சோம்பலாக இருந்தாயா, யாரையாவது சொல்லால் புண்படுத்தினாயா, யாருக்காவது நஷ்டம் உண்டாக்கினாயா? 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு இந்த ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். ஆகவே நம் ஊருக்கு இது புதுச் சரக்கு இல்லை.

"களவு செய்யாதிருப்பாயாக" என்பதை ஒரு முறை இப்படிப் பார்க்கலாம். பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா அடைமழையில் இரண்டு நாள் வரவில்லை. மாதச் சம்பளம் கொடுக்கும்போது அந்த இரண்டு நாளைக் கழித்துக்கொண்டோம். அதே மழைக்கு நாமும் ஆபீஸ் போகவில்லை. கேஷுவல் லீவு போட்டோம், நம் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. அக்காவும் ஒன்றும் சொல்லாமல் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். யாரும் இதைத் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள். இப்போது பக்கத்தில் யாக்கோபு 5:4-ஐ வையுங்கள்: "இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது." அக்கா வாய் திறக்கவில்லை. வசனத்தில் முதலில் சத்தம் போடுவது பிடித்துவைத்த பணம்தான்.

இந்த அளவுக்குச் சின்ன விஷயத்துக்கு இறங்கிப் பார்க்க வேண்டுமா என்றால், ஆம். "நான் பாவி" என்று பொதுவாக ஒப்புக்கொள்வதில் யாருக்கும் கஷ்டமில்லை. இரண்டு நாள் சம்பளம் என்று எழுதும்போதுதான் பேனா தயங்கும்.

வாசிக்கும்போது மற்றவர்கள் முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. "இது என் நாத்தனாருக்கே சொன்ன வசனம்" என்று தோன்றுகிறது. என்ன செய்ய?

தாவீது அரசனுக்கும் அதுதான் நடந்தது. அவன் உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போரில் சாகவைத்திருந்தான். ஏராளமான ஆடுமாடு வைத்திருந்த பணக்காரன் ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பிடித்துச் சமைத்த கதையை நாத்தான் தீர்க்கதரிசி சொன்னவுடன், தாவீது கொதித்துப்போய்த் தீர்ப்பு எழுதிவிட்டான்: அந்த மனுஷன் சாகவேண்டும், ஆட்டுக்குட்டிக்கு நாலத்தனை திரும்பக் கொடுக்கவேண்டும். மற்றவன் பாவத்துக்கு அவன் கொடுத்த தண்டனை மிகச் சரியானது. ஆட்டைத் திருடினால் நாலு ஆடு என்று யாத்திராகமம் 22:1-இல் உள்ள சட்டமே அதுதான். பிறகுதான் "நீயே அந்த மனுஷன்" என்ற வார்த்தை வருகிறது (2 சாமுவேல் 12:7).

ஆகவே நாத்தனார் முகம் வந்தால் பதறவேண்டாம், விரட்டவும் வேண்டாம். அவரிடம் எந்தக் குணம் உங்களுக்கு எரிச்சல் தருகிறதோ அதை ஒரு வரியாக எழுதுங்கள். எழுவாயை மட்டும் மாற்றுங்கள். "அவர் என் அம்மாவைப் பற்றி நாலு பேர் முன்னால் மட்டம் தட்டிப் பேசினார்" என்பது "நான் யாரை நாலு பேர் முன்னால் மட்டம் தட்டினேன்?" என்று ஆகும். பதில் சில நேரம் 'யாரையும் இல்லை' என்றே வரும். பல நேரம் வராது. "நீ உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை உணராமல், உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பைப் பார்க்கிறதென்ன?" என்று கேட்ட இயேசு, துரும்பு இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. அதை எடுக்கிற முறை எப்போது என்றுதான் சொன்னார்.

"தேவனே, என்னை ஆராய்ந்து" என்று சங்கீதம் 139-ஐ ஜெபமாகச் சொல்கிறோம். அதில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. நாம் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வது 23, 24 வசனங்களை: "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும், என்னைச் சோதித்து, என் சிந்தனைகளை அறிந்துகொள்ளும்." அதற்குச் சற்று மேலே 19 முதல் 22 வரை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. துன்மார்க்கரை நீர் அழித்துப்போட்டால் நன்றாயிருக்கும், உம்முடைய பகைஞர் எனக்கும் பகைஞர், முழுப் பகையாய் அவர்களைப் பகைக்கிறேன் என்று ஒரே ஆவேசம். அந்தச் சூட்டோடு சூடாகத்தான் "என்னை ஆராய்ந்து பாரும்" என்று திரும்புகிறார்.

சாந்தமான மனதோடு, மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்தால்தான் சோதனை என்று நினைத்திருந்தால் இந்தச் சங்கீதம் அதை உடைக்கிறது. நியாயம் முழுக்க நம் பக்கம்தான் என்று நிச்சயமாய்த் தோன்றுகிற நேரமே இந்த ஜெபத்துக்கு ஏற்ற நேரம். வாட்ஸ்அப் குழுவில் ஒருவரை விளாசி ஒரு செய்தி அடித்து முடித்து, அனுப்புவதற்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது செய்யலாம்? நோட்டுப் போட்டு எழுத வேண்டுமா?

இரவு படுக்குமுன் பத்து நிமிஷம் போதும். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த தினசரி ஆன்ம சோதனையில் ஐந்து படிகள் உண்டு: நன்றி சொல்வது, பாவத்தை அறியும் வரம் கேட்பது, அன்றைய நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்குத் திருந்துவதாகத் தீர்மானிப்பது. அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் நூல் 1548-இல் அச்சானது. முதல் படி நன்றி என்பதைக் கவனியுங்கள். குற்றப் பட்டியலோடு தொடங்கினால் பலருக்குப் பத்து நிமிஷமும் புலம்பலிலேயே போய்விடும்.

எழுதுவது உதவும். மணி மணியாக யோசிக்கிற அளவுக்குப் பொறுமை இல்லையென்றால் இடம் இடமாக யோசியுங்கள்: வீடு, பஸ், ஆபீஸ், கடை, போன். நோட்டை யார் கண்ணிலும் படாமல் வையுங்கள், வருஷக் கடைசியில் கிழித்துப் போடுங்கள். அழகாக எழுதத் தோன்றினால் யாரோ படிப்பதற்காக எழுதுகிறீர்கள் என்று அர்த்தம்.

கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் செய்வதும் இதுதானா?

ஏறக்குறைய இதுதான். ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போகுமுன் ஆன்ம சோதனை செய்வது கட்டாயம்; அதற்குக் கட்டளைவாரியாகக் கேள்விகள் அடங்கிய சின்னப் புத்தகங்கள் பங்குகளில் கிடைக்கும். ஒரு சுவையான செய்தி: தமிழில் அச்சான மிக ஆரம்பகால நூல்களில் ஒன்றே இந்த வகைதான். முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் (என்றிக்கே என்றிக்கசு) 1578-இல் தம்பிரான் வணக்கத்தையும், 1580-இல் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார் செய்யும் கையேடு ஒன்றையும் தமிழில் அச்சிட்டார். திருக்குறள் அச்சேறுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்னால், கடற்கரை ஊர்களின் பரதவர்களுக்காக, "இதைச் செய்தாயா, அதைச் செய்தாயா" என்று கேட்கிற புத்தகம் தமிழ் எழுத்தில் வந்துவிட்டது.

சீர்திருத்த சபைகளில் குருவின் காதில் சொல்வது பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஆனால் யாரிடமாவது சொல்வது என்ற பழக்கம் முழுக்கப் போகவில்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-இல் சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகளில், கூடும்போதெல்லாம் ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டிய முதல் கேள்வி, போன சந்திப்புக்குப் பிறகு தெரிந்தே என்ன பாவம் செய்தாய் என்பது. இன்றைய வீட்டுக்கூட்டங்களில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் அடுத்த வாரம் எத்தனை பேர் வருவார்கள் என்பது வேறு விஷயம்.

திருவிருந்துக்கு முன் "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்கிறார்களே. நான் தகுதியில்லாதவன் என்று தோன்றும் ஞாயிறுகளில் பந்தியில் சேராமல் எழுந்து போய்விடுகிறேன். சரியா?

இந்தக் கேள்வியில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் 1 கொரிந்தியர் 11:28-ஐ அதன் வீட்டிலிருந்து பிரித்தெடுத்தே பயன்படுத்தி வருகிறோம். "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்" என்பது முழு வசனம். சோதித்துவிட்டு விலகு என்று பவுல் எழுதவில்லை. சோதித்துவிட்டுப் புசி என்கிறார்.

எதைச் சோதிப்பது? மேலே 20 முதல் 22 வரை பாருங்கள். கொரிந்துவில் பந்தி கூடும்போது வசதியுள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கேட்கிறார். அதிகாரக் கடைசியில் அவர் சொல்லும் பரிகாரமும் சாப்பாட்டைப் பற்றியதே: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." சனிக்கிழமை ராத்திரி மனதில் ஓடிய கெட்ட எண்ணத்தைத் தோண்டி எடுப்பதைவிட, இந்தப் பந்தியில் யாரை நான் கீழே உட்கார வைத்திருக்கிறேன் என்பதே அந்தப் பகுதி முதலில் கேட்கும் கேள்வி.

தமிழ்ச் சபைகளுக்கு இது கொரிந்துவின் கதை மட்டும் இல்லை. சாதிவாரியாகத் தனித்தனி இருக்கை, உயர்ந்த சாதியார் முதலில் பாத்திரத்தில் பருகுவது என்று நம் பந்தியும் பிரிந்துதான் கிடந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முடிவாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் எதிர்ப்புக் கிளம்பியது. சேர்ந்து பருகுவதைவிடச் சபையை விட்டுப் போவதே மேல் என்று போனவர்கள் உண்டு. அவர்களும் திருவிருந்துக்கு முன் 11:28-ஐ வாசித்தவர்கள்தான். இன்றைக்கும் கல்லறைத் தோட்டத்திலும், பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும் விளம்பரத்திலும் அந்தக் கோடு அழியாமல் இருக்கிறது. "கிறிஸ்தவ நாடார்", "கிறிஸ்தவ வேளாளர்", "ஆர்.சி. உடையார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்தில் பருகுகிறோம்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: எழுந்து போகாதீர்கள். யாரோடு பேசாமல் இருக்கிறீர்கள் என்று ஞாபகம் வந்தால், ஆராதனை முடிந்து அவரிடம் போவதாகத் தீர்மானித்துவிட்டுப் பந்தியில் சேருங்கள். போகாமல் இருந்தால்தான் பிரச்சினை.

தவறு தெரிந்துவிட்டது. அழுது ஜெபித்தும் ஆயிற்று. அதோடு முடிந்ததா?

பாதிதான் முடிந்தது. என்னைக் கேட்டால், நம் தற்பரிசோதனைகள் பெரும்பாலும் முழங்காலிலேயே நின்றுவிடுகின்றன, அடுத்தவர் வீட்டு வாசல்வரை போவதில்லை.

சகேயுவைப் பாருங்கள். அவன் அழுததாக லூக்கா எழுதவில்லை. எழுதியிருப்பது கணக்கு: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, "நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்." இப்படி அவன் சொன்ன பிறகே இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் இயேசு. அதே போல மத்தேயு 5:23-24. காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவனுக்கு, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறது. எனக்கு அவன்மேல் வருத்தம் இருந்தால் என்று அங்கே எழுதவில்லை. அவனுக்கு என்மேல் குறை இருந்தால். நம்மை யார் புண்படுத்தினார்கள் என்பது நமக்கு நன்றாக ஞாபகமிருக்கும். நம்மால் புண்பட்டவர் பட்டியலை எடுக்கத்தான் சங்கடம்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு வசனத்தைக் காட்டுவார்கள். சங்கீதம் 51:4-இல் தாவீது "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்கிறானே, மனுஷனிடம் போய் என்ன கேட்பது? ஆனால் அந்தச் சங்கீதத்தின் தலைப்பையே பாருங்கள், பத்சேபாளைப் பற்றிச் சொல்கிறது. உரியா செத்துப்போய்விட்டான்; அவனிடம் போக வழியில்லை. உங்கள் அண்ணனோ தங்கையோ உயிரோடிருக்கும்போது அந்த வசனத்துக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. தங்கைக்குச் சேரவேண்டிய பங்கைக் கொடுக்காமல் "விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு" என்று வாங்கிக்கொண்ட குடும்பங்கள் எத்தனை! வரப்பை ஓரடி தள்ளிப் போட்டவர்களுக்கு நீதிமொழிகள் 22:28 இருக்கிறது: "உன் பிதாக்கள் நாட்டின பூர்வ எல்லைக்குறியை மாற்றாதே." இதற்கெல்லாம் பரிகாரம் ஜெபக் கூட்டத்தில் கிடையாது, சார்பதிவாளர் ஆபீஸில்தான்.

ஒரு எச்சரிக்கை. மன்னிப்புக் கேட்கப் போவது எதிராளிக்குப் புதுக் காயம் ஆகிவிடக் கூடாது. அவருக்குத் தெரியாத ஒரு கெட்ட எண்ணத்தை "உங்களைப் பற்றி இப்படி நினைத்தேன்" என்று கொட்டிவிட்டு நாம் லேசாகித் திரும்புவது ஒப்புரவு ஆகாது.

எத்தனை தரம் அறிக்கையிட்டாலும் மனம் ஆறவில்லை. இன்னும் ஏதோ பாவம் பாக்கி என்றே தோன்றுகிறது.

உங்களுக்குச் சோதனை இன்னும் கூடுதலாகத் தேவைப்படவில்லை, குறைவாகத் தேவைப்படுகிறது. இந்தப் பாதையில் பெரியவர்களே தடுக்கியிருக்கிறார்கள். இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மான்ரேசாவில் இருந்தபோது, பழைய பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் அமைதி கிடைக்காமல், உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம்வரை போனார். மிகத் தெளிவாகத் தெரிகிற பாவத்தைத் தவிரப் பழையது எதையும் சொல்லாதே என்றார் குரு. அவருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தது! கடைசியில், கடந்ததை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவு செய்தபிறகுதான் விடுதலை கிடைத்தது.

1 யோவான் 3:20-ஐ மெதுவாக வாசியுங்கள்: "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்." நம் மனச்சாட்சி கடைசி நீதிமன்றம் இல்லை. ஒரு முறை அறிக்கையிட்ட பாவத்தை இரண்டாம் முறை எடுப்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் அதே எண்ணம் ராத்திரி பகலாகச் சுழன்றால், கை கழுவிக்கொண்டே இருப்பதுபோல ஜெபத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். ஓசிடி என்ற நோய் பக்தியின் உருவத்திலும் வரும். அதற்குச் சிகிச்சை உண்டு. மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் ஆகாது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. "உங்களை ஆராய்ந்து பாருங்கள், ஏதாவது பாவத் தடை இருக்கும்" என்கிறார்கள்.

சொல்கிறவர்கள் யோபுவின் சிநேகிதர்கள். அவர்கள் யோபுவுக்குச் சொன்னதும் இதே ஆலோசனைதான், வசனம் போல அழகான கவிதையில். முடிவில் தேவன் எலிப்பாசைப் பார்த்து, நீங்கள் என்னைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்று கோபப்படுகிறார் (யோபு 42:7). பிறவிக் குருடனைப் பார்த்து இவன் பாவமோ, பெற்றவர்கள் பாவமோ என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9:3). வியாதிக்கும் குழந்தையின்மைக்கும் காரணம் தேட மருத்துவரிடம் போங்கள். சோதித்துப் பார்க்க வேண்டியவர்கள் அந்த ஆலோசனையைச் சொன்னவர்கள்.

கணவர் அடிக்கிறார். சபையில் சொன்னால் "முதலில் உன் பக்கத்துத் தவறை ஆராய்ந்து பார், அடங்கி நட" என்கிறார்கள்.

தற்பரிசோதனை என்பது ஒருவர் தன்னைத் தானே செய்வது. அடிபடுகிறவர் கையில் அதை அடுத்தவர் திணித்தால் அது அடிக்கிறவருக்குத் துணைபோவது. நாத்தான் பத்சேபாளிடம் போகவில்லை, அரசனிடம் போனான். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் அழையுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஜனவரி 1-ஆம் தேதி எடுக்கிற வாக்குத்தத்த வசனத்தை இதற்குப் பயன்படுத்தலாமா?

வாக்குத்தத்த அட்டையை நான் கேலி செய்ய மாட்டேன். கஷ்டமான வருஷத்தை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அட்டையில் வருகிற வசனங்கள் எல்லாம் ஆசீர்வாதமாகவே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். "உன் பையிலே பெரிதும் சிறிதுமான பலவித நிறைகற்களை வைத்திருக்கவேண்டாம்" என்று யாருக்கும் சீட்டு விழுவதில்லை.

வசனத்தை அதன் அதிகாரத்தோடு சேர்த்து வாசியுங்கள், அதுவே சோதனை ஆகிவிடும். எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது பலருக்குக் கிடைக்கிற வசனம். அது பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. முந்தின வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதற்கும் முன்னால், உங்களைச் சிறைபிடித்துப் போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள் என்கிறது. சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்று இனிப்பாகப் பேசுகிற தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்கிறது. பிடிக்காத ஊரில், பிடிக்காத வேலையில் இருக்கிறவர்களுக்கு இதில் கேள்விகள் ஏராளம்.

பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அளவாக. "இன்று யாரை அழ வைத்தாய், யாரைச் சிரிக்க வைத்தாய்?" என்ற இரண்டு கேள்வி போதும், அதற்கு அப்பா அம்மாவும் பதில் சொன்னால். நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தி வாங்குகிற அறிக்கையால் பிள்ளை பொய் சொல்லத்தான் பழகும்.

எவ்வளவு யோசித்தும் எனக்குத் தவறு எதுவும் தோன்றவில்லை. அப்படியானால் சரியாகத்தானே இருக்கிறேன்?

பவுலுக்கும் ஒரு கட்டத்தில் எதுவும் தோன்றவில்லை. "என்னிடத்தில் நான் யாதொரு குற்றத்தையும் அறியேன், ஆகிலும் இதினாலே நான் நீதிமானாகிறதில்லை" என்று எழுதினார் (1 கொரிந்தியர் 4:4). மத்தேயு 25-இல் கடைசி நியாயத்தீர்ப்பில் இடதுபக்கம் நிற்கிறவர்களும் நேர்மையாகவே குழம்புகிறார்கள்: ஆண்டவரே, உம்மைப் பசியுள்ளவராக எப்போது கண்டோம்? அவர்கள் செய்ததாக ஒரு குற்றமும் அங்கே பதிவாகவில்லை. பார்க்காமல் போனதுதான் குற்றம். பார்க்காமல் போனதை யோசித்து எப்படிக் கண்டுபிடிப்பது?

வேறொருவரைக் கேட்பதுதான் வழி. வீட்டில் உங்களுக்குப் பயப்படாத ஒருவர் இருப்பார். பெரும்பாலும் மகளாகவோ, கல்யாணமாகி இருபது வருஷமான மனைவியாகவோ இருக்கும். "என்னிடம் எது உனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஒன்றே ஒன்று சொல்" என்று கேளுங்கள். கேட்ட பிறகு குறுக்கே பேசாதீர்கள். "அது அப்படி இல்லம்மா, அன்றைக்கு என்ன நடந்ததென்றால்" என்று தொடங்கிவிட்டால் அடுத்த முறை உண்மை வராது. யாக்கோபு 1:19-ஐ இந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்: "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்." சரி என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் சொன்னதை அன்றிரவு அவர் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதுங்கள். உங்கள் வார்த்தைக்கு மாற்றி எழுதினால் பாதிக் குற்றம் அங்கேயே குறைந்துவிடும்.